ஒரே பந்து

முதல் அடியே வலப்பக்கம் பிய்த்துக்கொண்டு போனது. பைன் மரங்களுக்கு முன்னால் பரந்து கிடந்த ஊதாப் பூப் புதரில் பந்து விழுந்ததை நான்கு பேரும் பார்த்தார்கள். நாயும் பார்த்தது. நார்பர்ட் கெஸ்லர் கோல்ஃப் மட்டையைத் தாழ்த்திக்கொண்டு, பழக்க தோஷத்தில், மனைவியைப் பார்த்து "சாரிம்மா" என்றார்.

"ஐயையோ, அந்த வார்த்தை இங்க செல்லாதே!" என்றார் கிளைவ்.

கிளைவ் ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவர் மகளை அமெரிக்காவில் டொலீடோ நகரத்தில் நார்பர்ட்டின் பக்கத்து வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார். கல்யாணத்தில் ஏற்பட்ட பழக்கம். "இங்கிலாந்து வந்தா எங்க கிளப்புல ஒரு நாள், கடற்கரையில ஒரு நாள் ஆடாம போகக்கூடாது" என்று வருஷா வருஷம் அழைத்துக்கொண்டே இருந்தவர். குளியலறைச் சாமான் கடையை விற்றுவிட்டு வீட்டோடு உட்கார்ந்திருந்த நார்பர்ட்டுக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. வந்தாயிற்று. வந்து பார்த்தால் ஆட்டமே வேறு. அங்கே ஒஹையோ மாகாணத்தில் ஆளுக்கொரு பந்து, ஆளுக்கொரு கணக்கு, உட்கார்ந்து போக வண்டி. இந்த சர்ரே கிளப்பிலோ ஜோடிக்கு ஒரே பந்துதான். ஒருத்தர் அடித்தால், அது எங்கே விழுந்து கிடக்கிறதோ அங்கிருந்து மற்றவர் அடிக்க வேண்டும். வண்டி கிடையாது. காலையில் பதினெட்டு குழி, கோட்டும் டையும் போட்டுக்கொண்டு சாப்பாடு, சாப்பிட்டுவிட்டு மறுபடியும் பதினெட்டு குழி.

"யாரும் வேணும்னு புதர்ல அடிக்கறதில்ல. அப்புறம் கூட்டாளிகிட்ட எதுக்கு மன்னிப்பு? அது அவங்களைக் கேவலப்படுத்தற மாதிரி" என்றார் கிளைவ். "எங்க அப்பா காலத்துலேர்ந்து இதுதான் வழக்கம். சொன்னவர் மத்தியானம் ஒரு கிளாஸ் கும்மல் குடிக்கணும்."

"அது என்ன கண்றாவி?"

"சீரகத் தண்ணி மாதிரி இருக்கும். ஆனா ஆளைத் தூக்கிடும்" என்றாள் கிளைவின் மனைவி ஹிலரி.

நார்பர்ட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. விமானக் களைப்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. அதைவிடப் பெரிய களைப்பு ஒன்று காலையில் வந்து சேர்ந்திருந்தது. விடுதி அறையில் குனிந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே மனைவி மார்லா சொன்னாள்: "வியாழக்கிழமை நான் உன்கூட ஊருக்கு வரலை நார்ப். டூசானுக்குப் போறேன். ஜெனட் பொண்ணு வீட்டுல இருக்கேன்."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியலை. வீட்டுக்குத் திரும்பி வருவேனான்னும் தெரியலை. டிக்கெட் இன்னும் மாத்தலை, மாத்தணும்." முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். "மழை வரும்போல இருக்கு. கோட்டை எடுத்துக்கோ."

அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் மனிதர்கள் இப்படித்தான் பிரிவார்களா, கோட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு? எதற்காக என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. ஜெனட் மார்லாவின் தங்கை. இரண்டு வருஷம் முன்னால் டூசானில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவள் உயிர் போய்க்கொண்டிருந்தபோது மார்லா, "கிளம்பி வா நார்ப்" என்று போன் செய்தாள். அவர் டொலீடோவில் கிளப் கோப்பைக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம், முடித்துவிட்டு வருகிறேன் என்றார். அப்போதும் "சாரிம்மா" என்றுதான் சொன்னார்.

புதரில் பந்தைக் கண்டுபிடித்தது கிளைவின் நாய்தான். பார்வைக்குப் பூவாக இருக்கிறதே தவிர, உள்ளே அத்தனையும் கம்பி. மட்டையின் கழுத்தைப் பிடித்து முறுக்கிவிடும். கிளப் கிளப்பாக ஆடிய மனுஷர் இப்படி ஒரு தரையைப் பார்த்ததில்லை. குளம் இல்லை, சலவை செய்த மாதிரிப் பச்சைப் புல்லும் இல்லை. மணல் மண், காய்ந்து பழுப்பேறிய புல், வெள்ளைப் பட்டை உரிந்த பிர்ச் மரங்கள், எந்தப் பக்கம் தப்பினாலும் கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கும் அந்த ஊதா. மார்லா குட்டை மட்டையை எடுத்தாள். கால்களை அகட்டி நின்று, கிழங்கு பிடுங்குகிற மாதிரி ஒரு வெட்டு வெட்டினாள். பந்து பத்தடி தள்ளி, வெட்டிய புல்லில் வந்து உட்கார்ந்தது.

"பிரமாதம்!" என்றாள் ஹிலரி.

அடுத்த அடி நார்பர்ட்டுடையது. பக்காவான இடத்தில், கோயில் நைவேத்தியம் மாதிரிப் பந்து காத்திருந்தது. அவர் குழியில் நட்டிருந்த கொடியை நோக்கி உயரமாக அடித்தார். பந்து கொடிக்குப் பக்கத்தில் விழுந்து, சிமெண்டில் பட்டதுபோல் எகிறி, பின்னாலிருந்த மணல்குழிக்குள் போய்விட்டது. இனி மார்லா அங்கே இறங்க வேண்டும்.

"சாரிம்மா."

"ரெண்டு" என்றார் கிளைவ்.

மத்தியானத்துக்குள் கணக்கு கைமீறிப் போயிருந்தது. இரவல் டையில் கழுத்து நெரிய, வறுத்த மாட்டிறைச்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நார்பர்ட்டின் எதிரே சின்னக் கிளாஸ்களை வரிசையாக வைத்தார்கள். மார்லாவின் பக்கம் ஒன்றுகூட இல்லை.

"நீங்க எப்படிம்மா ஒரு தடவைகூட வாய் தவறலை?" என்று கேட்டாள் ஹிலரி.

"எனக்கும் சேர்த்து அவரே சொல்லிடறாரே" என்றாள் மார்லா. மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். நார்பர்ட்டும் சிரித்துவிட்டு, அடுத்த கிளாஸை எடுத்தார். சீரகம் தொண்டையில் இனித்து எரிந்தது.

சாயங்காலத்து ஆட்டத்தில் அவருக்குக் கால் இரண்டும் தன்னுடையதாக இல்லை. முழங்கால் வலி, தலைக்குள் கும்மல், பாதத்தில் கொப்புளம். ஆனால் அந்த மந்தத்திலும் ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. மார்லா எங்கிருந்தெல்லாம் அடிக்கிறாள்! வேருக்கு அடியிலிருந்து, குழியின் உதட்டிலிருந்து, முட்புதரில் முதுகைக் கொடுத்துக்கொண்டு. அத்தனை இடத்துக்கும் பந்தை அனுப்பியவர் அவர். டொலீடோவிலும் அவள் ஆடுவாள்தான், செவ்வாய்க்கிழமைகளில், பெண்களோடு. அவர் சனி, ஞாயிறு. அவள் ஆடி அவர் பார்த்ததே இல்லை. புதரிலிருந்து வெளியே வந்தவளின் முன்கையில் ரத்தக் கீறல் தெரிந்தது. வாய் வரை வந்த வார்த்தையை அவர் விழுங்கினார்.

"என்ன, கிளாஸுக்குப் பயந்துட்டியா?" என்றாள் மார்லா, கீறலைத் துடைத்தபடி.

"உனக்கு வலிக்குதா?"

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "வலிக்குது" என்றாள். நடையைக் கட்டினாள்.

மறுநாள் கென்ட் கடற்கரை. அங்கே மரமென்று ஒன்றுகூட இல்லை. காற்றுதான் சகலமும். மேடும் பள்ளமுமாக, தூங்குகிறவன் மேல் போர்வையைத் தூக்கிப் போட்ட மாதிரிக் கிடந்தது தரை. அந்தப் பக்கம் சாம்பல் நிறத்தில் கடல். பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். கத்தத் தெம்பில்லாததால் நார்பர்ட் பேசவில்லை. முந்தின ராத்திரி ஒரே கட்டிலில் ஆளுக்கொரு ஓரத்தில் படுத்திருந்தார்கள். டிக்கெட்டை மாற்றிவிட்டாயா என்று கேட்க நினைத்து, பதிலுக்குப் பயந்து, தூங்குவதுபோல் கிடந்தார்.

இங்கேயும் அவர் உயரமாகத்தான் அடித்தார். ஆயுசு முழுக்க அப்படி அடித்த கை. காற்று ஒவ்வொரு பந்தையும் வாங்கி, வேண்டாம் என்று பக்கத்தில் வீசியது.

"ஆகாசத்துல யாரைத் தேடறீங்க?" என்று கத்தினார் கிளைவ். "தரையோட விடுங்க ஐயா! உருண்டு போகட்டும்!"

மார்லா யாரும் சொல்லாமலே அப்படித்தான் ஆடினாள். கொடியிலிருந்து நாற்பது கஜம் தள்ளி, இன்னும் புல்லே ஒழுங்காக வெட்டாத இடத்திலிருந்து, உருட்டுகிற மட்டையை எடுத்துத் தட்டிவிட்டாள். பந்து மேட்டில் ஏறி, இறங்கி, யோசித்து, திரும்பி, கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அன்று நார்பர்ட் ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது கஷ்டமாக இருந்தது. அது இல்லாமல் அவளிடம் பேச வேறு வார்த்தையே தன்னிடம் இல்லையோ என்று தோன்றியபோது, அந்தக் காற்றிலும் அவருக்கு வியர்த்தது.

கடைசிக் குழிக்கு வரும்போது இரண்டு ஜோடியும் சமம். நார்பர்ட் அடித்தது காற்றில் வளைந்து, ஆள் உயர மணல்குழிக்குள் விழுந்தது. பலகை அடித்த சுவரை ஒட்டிக் கிடந்தது பந்து. மார்லா இறங்கினாள். அவரும் பின்னாலேயே சறுக்கி இறங்கினார். இறங்கியே ஆக வேண்டும் என்றில்லை, மேலே நிற்க முடியவில்லை.

குழிக்குள் காற்று இல்லை. திடீரென்று ஒரு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தின மாதிரி இருந்தது.

மார்லா அடித்தாள். பந்து பலகையில் பட்டு, திரும்பி, அவள் காலடியிலேயே விழுந்தது.

"சாரி" என்றாள்.

இரண்டு நாளில் அவள் முதல் தடவையாகச் சொன்னது. களைத்துப்போன, யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாத ஒரு சாரி.

"நீ சொல்லாதே" என்றார் நார்பர்ட். "நான் ஒண்ணு சொல்றேன். இந்தப் பந்தைப் பத்தி இல்லை."

"வேண்டாம் நார்ப். நீ சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளிச்சுப் போச்சு. பாலைக் கொட்டினாலும் சாரி. காரை இடிச்சாலும் சாரி. என் தங்கை செத்ததுக்கும் அதே சாரி."

"அதைச் சொல்லலை." அவர் மட்டையை மணலில் ஊன்றிக்கொண்டார். "அன்னிக்கு நான் கிளம்பி வந்திருக்கலாம். சனிக்கிழமை ராத்திரி விமானம் இருந்துச்சு. பார்த்தேன். பார்த்துட்டு, கம்ப்யூட்டரை மூடி வெச்சுட்டுப் படுத்துட்டேன். கோப்பை முக்கியம்னு இல்லை. அவ சாகறதைப் பார்க்கப் பயமா இருந்துச்சு. நீ அழறதைப் பார்க்கவும் பயம். ஞாயிற்றுக்கிழமை உனக்கு போன் போட்டேன். நீ ஹலோ சொல்றதுக்குள்ள, ஜெயிச்சுட்டேன்னு சொன்னேன்."

மார்லா மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ 'சந்தோஷம்'னு சொன்னே" என்றார். "அப்ப அவ போய்ச் சேர்ந்திருந்தா. இல்லை?"

"பக்கத்துலதான் படுத்திருந்தா" என்றாள் மார்லா. "அவ கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உன்கிட்ட சந்தோஷம்னேன். கை இன்னும் சூடா இருந்துச்சு." குரல் உடைந்தது. "ரெண்டு வருஷமா நீ இதைக் கேக்கவே இல்லையே நார்ப். ஒரு தடவைகூடக் கேக்கலையே!"

அவள் அழுதாள். அவர் பார்த்தார். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பார்த்தார்.

"உயிரோட இருக்கீங்களா கீழே?" மேலேயிருந்து கிளைவின் தலை எட்டிப் பார்த்தது, அவள் முகத்தைக் கண்டதும், சட்டென்று மறைந்தது. "மெதுவா வாங்க, அவசரம் ஒண்ணுமில்ல" என்று குரல் மட்டும் வந்தது.

மார்லா கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உன் முறை" என்றாள்.

நார்பர்ட் பலகைச் சுவரைப் பார்த்தார். அதற்கு மேலே கொடி படபடத்தது. வழக்கமான நார்பர்ட் என்றால் அதைத் தாண்டித்தான் அடித்திருப்பார். அவர் திரும்பி நின்று, கொடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குழியின் தாழ்வான பக்கம் பார்த்துப் பந்தை மெல்ல எடுத்துவிட்டார். அது வெளியேறி, சமமான புல்லில், அவள் நின்று அடிக்க வசதியான இடத்தில் போய் நின்றது.

மார்லா அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கையை நீட்டினாள். அவர் பிடித்து மேலே ஏற்றினாரா, அவள் அவரை ஏற்றினாளா என்று சொல்ல முடியாதபடி இரண்டு பேரும் தடுமாறி மேலே வந்தார்கள். காற்று மறுபடியும் முகத்தில் அறைந்தது.

அவள் உருட்டிவிட்டது மேடு ஏறி, குழிக்கு ஏழெட்டு அடி இப்பால் நின்றது. கிளைவ் ஜோடி ஆடி முடித்திருந்தார்கள். அடுத்த அடி குழிக்குள் போகாவிட்டால் ஆட்டம் அவர்களுக்கு. கிளைவ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார். நாய் படுத்துவிட்டது.

நார்பர்ட் குனிந்தார். "டிக்கெட்டை மாத்திட்டியா?" என்று கேட்டார். காற்றுக்கு மேல் கேட்க வேண்டும் என்பதால் உரக்கவே கேட்க வேண்டியிருந்தது. கிளைவுக்கும் ஹிலரிக்கும்கூடக் கேட்டிருக்கும்.

மார்லா நடந்து போய், பந்து வரும்போது குழியிலிருந்து உருவுவதற்காகக் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டாள். துணி அவள் தோளில் அடித்துக்கொண்டிருந்தது.

"முதல்ல அடி நார்ப்" என்றாள். "நான் இங்கேதான் நிக்கறேன்."

அவர் அடித்தார். பந்து கிளம்பியது. காற்று அதைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளியது, சரிவு கொஞ்சம் வலப்பக்கம் இழுத்தது. மார்லா கம்பை இன்னும் எடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்தபடி, பந்தைப் பார்க்காமல், அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.