மூடி திறக்காத சிவப்பு சோடா

லம்துவான் சிரித்தால் நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். நிலத் தரகு செய்கிறவள். அவள் சிரித்துவிட்டுப் போன இடத்தில் யாராவது ஒருவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். என் தங்கை ராத்ரியையும் அவளுடைய வெள்ளைக்காரக் கணவர் தோர்பனையும் உதோன் நகரத்துக்கு வெளியே இரண்டு ராய், அதாவது முக்கால் ஏக்கர் சொச்சம், நிலம் காட்ட அழைத்துப்போன அன்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள். அதனால்தான் நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

நிலம் நன்றாகத்தான் இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. சொந்தக்காரி பாங்காக்கில் இருக்கிறாளாம், பன்னிரண்டு வருஷமாக இங்கே யாரும் கால் வைக்கவில்லையாம். மூலையில் கம்பத்தின் மேல், நிலத்தைக் காக்கிற சாமிக்கென்று எல்லோரும் வைக்கிற கூண்டளவு சாமி வீடு. ஒட்டடை படிந்து, உள்ளே வைத்த சின்னப் பொம்மைகள் கவிழ்ந்து கிடந்தன.

"பாத்தியாக்கா, சாமிக்குச் சோறு வைக்கக்கூட ஆளில்ல. எந்த வில்லங்கமும் கெடையாது," என்றாள் லம்துவான்.

"சாமியையே பட்டினி போட்டவ நமக்கு என்னத்த நல்லது பண்ணப் போறா?" என்றேன்.

தோர்பனுக்கு இடம் பிடித்துப்போயிற்று. டென்மார்க்கில் இருந்த வீட்டை விற்று வந்த பணம் முழுவதையும் இதில் போடப் போகிறார். பணம் அவருடையது, ஆனால் பட்டா அவர் பெயரில் வராது. வெளிநாட்டுக்காரர் நம் மண்ணை வாங்க முடியாது. பெண்டாட்டி பெயரில்தான் வாங்க வேண்டும். அதற்கும் நில அலுவலகத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து, இது முழுக்க அவளுடைய சொந்தப் பணம், இவருக்கு இதில் எந்த உரிமையும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும்.

இதையெல்லாம் அந்த வாரமே நாங்கள் போய்ப் பார்த்த வக்கீல் தோர்பன் எதிரிலேயே விளக்கினார். விளக்கிவிட்டு ஒரு வழியும் சொன்னார். "பட்டாவோட பின்பக்கம் ஒரு வரி பதிஞ்சுடலாம். நிலம் அம்மா பேர்ல இருக்கும், ஐயா சாகுற வரைக்கும் அதுல குடியிருக்கலாம், அனுபவிக்கலாம். எல்லா ஊர் ஆபீஸ்லயும் புருஷனுக்கு எழுத மாட்டாங்க. இங்க எழுதுறாங்க. செலவும் பெருசா ஆகாது."

"வேண்டாம்," என்றேன் நான்.

வக்கீல் என்னைப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"இவ அக்கா. நாளைக்கு இந்த மனுஷன் வேற எவளையாவது கூட்டிட்டு வந்து அந்த வீட்டுல வச்சா? பட்டாவுல எழுதிட்டா இவளால வெளிய போன்னு சொல்ல முடியுமா?"

"சரி, ராத்ரிம்மாவுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? இவருக்குப் பங்கு வந்தாலும் சீக்கிரத்துல வித்துட்டுப் போகணும்னுதான் சட்டம் சொல்லுது."

"அப்போ ரத்த சொந்தம்னு நான் எதுக்கு இருக்கேன்? நான் பாத்துக்கிறேன்."

அம்மா போனபிறகு ராத்ரிக்கு நான்தான் எல்லாம். அவள் தலையைக் குனிந்துகொண்டு அவருக்கு மெதுவாக அதை மொழிபெயர்த்தாள். தோர்பன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து எல்லோருக்கும் தன் ஊர் மிட்டாய் நீட்டினார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஆனாலும் முறைப்படி "அக்கா, சாப்பிடுங்க" என்றார். நான் எடுக்கவில்லை. அவர் கையால் நான் எதையும் வாங்கிச் சாப்பிட்டதே இல்லை.

இரண்டு வாரம் கழித்து அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள். தோர்பன் அன்று ரத்த அழுத்தத்துக்காக ஆஸ்பத்திரி போயிருந்தார். எல்லைக் கல்லைத் தேடிக்கொண்டு மூலைக்குப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன்.

சாமி வீட்டில் ஒட்டடை இல்லை. பொம்மைகள் எழுந்து நின்றன. வாடாத மல்லிகை மாலை. சாமிக்குப் படைக்கிற சிவப்பு சோடா இரண்டு புட்டி. அதன் பக்கத்தில் கரிக்கட்டை மாதிரி இரண்டு கறுப்பு உருண்டைகள்.

"லம்துவான்! இங்க வாடி! ஆளே இல்லன்னு சொன்னியே, இது என்ன? சாமியே கடைக்குப் போய் வாங்கிட்டு வந்துச்சா?"

அவள் முகத்தில் அன்றுதான் முதல்முறையாகச் சிரிப்பைக் காணோம். "சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

அளவெடுக்க வந்தவர்களில் ஒருவர் காதைச் சொறிந்தார். "பத்து வருஷம் யாராவது தன்னோடதுன்னு ஆண்டுட்டு வந்திருந்தா கோர்ட்டுல கேட்கலாம்மா. எதுக்கும் விசாரிச்சுட்டுப் பணத்தைக் குடுங்க."

ராத்ரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரோட மொத்தப் பணமும்கா. திரும்பிப் போக அவருக்கு அங்க வீடு இல்ல."

நான் புட்டியை எடுத்துப் பார்த்தேன். மூடிகூடத் திறக்கவில்லை, உறிஞ்சுகுழலும் இல்லை. சாமிக்கு சோடா வைக்கிற எவனாவது மூடியோடு வைப்பானா? எப்படிக் குடிக்கும்? கும்பிடுகிறவன் செய்த வேலை இல்லை இது. நிலம் கைமாறப் போகிறது என்று தெரிந்து அவசரமாக அடையாளம் வைக்கிறவன் செய்த வேலை. அந்தக் கறுப்பு உருண்டை செய்வினையேதான். துண்டால் பிடித்து முகர்ந்தேன், மருந்து வாடை அடித்தது. தோர்பனிடம் சொல்ல வேண்டாம், ரத்த அழுத்தம் இன்னும் ஏறும் என்று ராத்ரியிடம் சொன்னேன். திருடனை நானே பிடிக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் போய் யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால் நின்றேன். கையில் வீட்டுத் துடைப்பக் கட்டை. கொசு பிடுங்கியது. கொஞ்ச நேரத்தில் ஒரு சைக்கிள் வந்தது.

தோர்பன்.

கூடையிலிருந்து மாலையை எடுத்தார், பழையதைக் கழற்றினார். புதிய புட்டிகளை நேராக அடுக்கினார், மூடியோடு. டப்பாவைத் திறந்து இரண்டு கறுப்பு மிட்டாயை வைத்தார். பிறகு முழங்கால் வலிக்க வலிக்க மண்டியிட்டு உட்கார்ந்து, ராத்ரியிடம் கற்ற உடைந்த பேச்சில் சத்தமாகவே பேசினார். சாமிக்குக் காது மந்தம் என்று நினைத்தாரோ என்னவோ.

"சாமி, நான் தோர்பன். நேத்தும் வந்தேன். நிலம் ராத்ரிக்கு. நல்லது. எனக்குப் பேப்பர் இல்ல. கையெழுத்து போடுவேன், ஒண்ணும் என்னது இல்ல. கோபம் இல்ல. ராத்ரி நல்லா இருக்கணும். என்னைவிட நிறைய நாள் இருக்கணும்." கொஞ்சம் நிறுத்தி வார்த்தை தேடினார். "ராத்ரி முன்னாடி போனா... அக்கா என்னை வெளியே போடக் கூடாது. அக்காவுக்கு நல்ல மனசு குடு."

துடைப்பக் கட்டை என் கையில் கனத்தது. முன்பு எங்கள் தெருமுனையில் வேறு ஒரு வெள்ளைக்காரர் குடியிருந்தார். பெண்டாட்டி செத்த பதினாறாம் நாள் மச்சான் வந்து பூட்டை மாற்றினான். இரண்டு பெட்டியோடு அவர் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்தது. தோர்பனும் பார்த்தார். உலகத்தில் உள்ள எல்லோரையும் சந்தேகப்பட்ட எனக்கு, இவர் என்னைப் பார்த்துத்தான் பயப்படுகிறார் என்று மட்டும் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

அவர் போனபிறகு சாமி வீட்டின் முன் போனேன். கல்லில் தட்டி இரண்டு மூடிகளையும் திறந்தேன். கடைக்குப் போய் உறிஞ்சுகுழல் வாங்கி வந்து போட்டேன். "குடி. அந்தக் கடைசி வேண்டுதலை நீ எடுத்துக்காத. அது என் வேலை," என்றேன்.

பதிவு நாளில் அதிகாரி படித்துக் காட்டினார்: பணம் முழுவதும் மனைவியுடையது, கணவருக்கு உரிமை இல்லை. தோர்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். விற்பனை வரியில் பாதியை எங்கள் தலையில் கட்டப் பார்த்தாள் லம்துவான். "விக்கிறவ கட்ட வேண்டிய வரியை விக்கிறவதான் கட்டணும்," என்று அவள் வாயை அடைத்துவிட்டு அதிகாரியின் பக்கம் திரும்பினேன்.

"பின்பக்கம் எழுதுங்க சார். இவர் சாகுற வரைக்கும் அங்கதான் இருப்பார்னு. ராத்ரி, கையெழுத்துப் போடு."

ராத்ரி என்னையே பார்த்தாள். பிறகு அதைத் தோர்பனிடம் மொழிபெயர்த்துச் சொன்னாள்.

அவர் முகம் மலரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மலரவில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னை உற்றுப் பார்த்தார். ராத்ரியின் காதில் ஏதோ கேட்டார்.

"என்னவாம்?"

ராத்ரி தயங்கினாள். "இதுல அக்காவுக்கு என்ன லாபம்னு கேக்குறார்."

அதிகாரி எழுதி முடித்ததும் அந்த வரியை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார் தோர்பன். பிறகு எழுத்து எழுத்தாக விரலை வைத்து, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த வரியைத் தடவிப் பார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் வேறு ஒரு வக்கீலைக் கூப்பிட்டிருப்பேன்.

கையை நீட்டினேன். "அந்த டப்பாவைக் குடுங்க."

ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். உப்பு. மிட்டாயில் உப்புப் போடுகிற ஜனங்களை எப்படி நம்புவது? துப்பாமல் விழுங்கினேன், அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.