இந்திராணியின் தங்கை

ராட்டினத்தில் தறிக்கான நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் முதல் வலி வந்தது. இடுப்பின் பின்புறம் யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல ஆரம்பித்து, அடிவயிறு முழுக்கப் பரவி, கல்லாக இறுகி, பிறகு மெல்லத் தளர்ந்தது. தையல்நாயகி ராட்டினத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மாமியார் நிமிர்ந்து பார்ப்பாள். நீலாம்பாள் கூடத்தின் மறுகோடியில் உட்கார்ந்து முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நடுவே, தறிக்குழியில் காலை விட்டபடி மாணிக்கவாசகம் நெய்துகொண்டிருந்தான். இழையோடு நாடா இங்குமங்கும் போய்வரும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது.

வலி எடுத்துவிட்டது என்று சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மருத்துவச்சிக்கு ஆள் போகும். பின்கட்டு அறையைப் பெருக்கிப் பழம்பாயை விரிப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே பங்குனி மாசத்தில், அவளுடைய அக்கா இந்திராணி அந்த அறையில்தான் படுத்தாள். ஒன்றரை நாள் படுத்தாள். அப்போது தையல்நாயகிக்குப் பதினேழு வயது. ஒத்தாசைக்கென்று வந்தவளை அறைக்குள் விடவில்லை. வெந்நீரைக் கொண்டுபோய்க் கதவோரம் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். "கால் வந்துடுச்சிமா, தல சிக்கிக்கிச்சி" என்று மருத்துவச்சி சொன்னது கதவைத் தாண்டிக் கேட்டது. அதன்பிறகு அக்காவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தவள், ஒரு நேரத்தில் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். குழந்தையும் தங்கவில்லை.

வருஷம் திரும்பியதும் பெரியவர்கள் பேசி முடித்து, தையல்நாயகியை அதே வீட்டுக்கு மருமகளாக அனுப்பினார்கள். தாயில்லாப் பெண்ணுக்காக மறுத்துப் பேச யாருமில்லை. முதல் பிரசவத்துக்கு அழைத்துப்போகவும் யாருமில்லை. மாணிக்கவாசகம் அவளை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் இந்திராணி என்ற பெயரை அவன் வாயிலிருந்து அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அப்படி ஒருத்தி அந்த வீட்டில் நடமாடவே இல்லை என்பதுபோலத்தான் மூன்று பேரும் இருந்தார்கள்.

ஒரு தார் சுற்றி முடிப்பதற்குள் வலி இரண்டு தடவை வந்தது. அடுத்த தாருக்குள் மூன்று தடவை. வயிற்றிலிருப்பது எப்படிப் படுத்திருக்கிறது, தலை எங்கே, கால் எங்கே என்று ஒரு மாதமாக ராத்திரி பகலாகத் தடவித் தடவிப் பார்த்திருக்கிறாள். அவளுக்குப் பிடிபடவே இல்லை. விலாவுக்குக் கீழே உருண்டையாக, கெட்டியாக ஏதோ ஒன்று நெட்டிக்கொண்டே இருந்தது. இப்போதும் நெட்டியது.

எழுந்து போய் இரண்டு பழஞ்சேலைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அத்தே, எனக்கு வலி எடுத்துடுச்சி. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

நீலாம்பாள் முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னா பேச்சு இது? அஞ்சு புள்ள நான் இந்த வூட்லதான் பெத்தேன். அங்க போனா கத்தி வெச்சிடுவாங்க. பேசாம உள்ள போய்ப் படு."

"அந்த ரூம்ல நான் படுக்க மாட்டேன்."

நாடா நின்றது. தையல்நாயகி கணவனைப் பார்த்தாள். அவன் தலையைத் தூக்கவில்லை. பாவின்மேல் வைத்த கை அப்படியே இருந்தது. அவன் ஏதாவது சொல்வானென்று இரண்டு மூச்சு நேரம் நின்றாள். பிறகு வாசற்படி இறங்கிவிட்டாள்.

பிள்ளையார்பாளையத்துத் தெருவில் வெயில் ஏறியிருந்தது. தெரு நீளத்துக்குத் தறிக்கான பாவு நூலை விரித்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சி பூசிக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாக நடந்தவளுக்குப் பாதித் தெருவில் பெரிய வலி வந்தது. பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. கைக்கெட்டும் தூரத்தில் பட்டு இழைகள்தான் இறுக்கமாக நின்றன. அதைத் தொடக் கூடாதென்று அந்த வலியிலும் கைக்குத் தெரிந்திருந்தது. அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். கால் வழியே வெதுவெதுப்பாக நீர் இறங்கியது.

கூரம் கிராமத்திலிருந்து கீரை கொண்டுவரும் மணியம்மாள்தான் முதலில் பார்த்தாள். கூடையைப் பக்கத்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டு ஓடிவந்து அக்குளில் கைகொடுத்தாள்.

"இன்னாமா, தனியாவா வந்துக்கினு இருக்கிற? வூட்ல யாரும் இல்லியா?"

"இருக்காங்க," என்றாள் தையல்நாயகி.

மணியம்மாள்மேல் சாய்ந்து தையல்நாயகி பத்தடி நடந்திருப்பாள். தெருமுனையில் குதிரைவண்டி ஒன்று திரும்பியது. கொல்லைப்புறமாகப் போய் வண்டியைப் பிடித்து, அதற்கு முன்னால் மாணிக்கவாசகம் ஓடிவந்தான். தறியில் உட்கார்ந்த கோலத்திலேயே, சட்டைகூடப் போடாமல் வந்திருந்தான்.

"ஏறு தையலு," என்றான். மூச்சு வாங்கியது. மணியம்மாளும் ஏறிக்கொண்டாள்.

வண்டி குலுங்கும்போதெல்லாம் அவன் அவள் முதுகுக்குப் பின்னால் கையை அண்டக் கொடுத்தான். கச்சபேஸ்வரர் கோயில் வாசலில் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றபோது, "வழி வுடுங்கப்பா, வழி வுடுங்க" என்று கத்தினான். அந்தக் குரலை அவள் அதற்கு முன்பு கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பதிவேட்டை விரித்தாள். பெயர் கேட்டாள், வயது கேட்டாள்.

"எத்தனாவது பிரசவம்?"

"ரெண்டாவது," என்றான் மாணிக்கவாசகம்.

"மொதக் கொழந்தைக்கு என்ன வயசு?"

தையல்நாயகி மேசையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இதான் மொதல்," என்றாள். "அவருக்குத்தான் ரெண்டாவது. எங்கக்கா செத்துட்டா."

"இந்திராணி," என்றான் அவன். "அவ பேரு இந்திராணிமா. கால் மொதல்ல வந்துடுச்சி. நான் தறியிலயே குந்திக்கினு இருந்துட்டேன். இவளக் கொஞ்சம் பாருங்கமா."

நர்ஸம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

இரும்புக் கட்டிலில் படுக்கவைத்து வயிற்றை இரண்டு கைகளாலும் அழுத்திப் பார்த்தாள். தையல்நாயகி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை ஓரிடத்தில் நின்றது. மறுபடி அதே இடத்துக்கு வந்தது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அப்படி மாறாமல் வைத்துக்கொள்கிறாள் என்பதுதான் தெரிந்தது.

"தல மேலயா இருக்குது?"

"டாக்டரம்மாவக் கூட்டிக்கினு வர்றேன்."

"சொல்லுங்கமா. தல மேலயா?"

"ஆமா. கொழந்த உக்காந்த வாக்குல இருக்குது. நாங்க பாக்காததா? பயப்படாத."

பயப்படாமல் எப்படி இருப்பது? அக்காவுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டது. மூடிய கதவுக்கு வெளியே வெந்நீரோடு தான் நின்ற அன்று அக்கா உள்ளே என்ன நினைத்துக்கொண்டிருந்திருப்பாள் என்று பலமுறை யோசித்திருக்கிறாள். எதையும் நினைத்திருக்க முடியாதென்று இப்போது தெரிந்தது. வலிக்கும் வலிக்கும் நடுவில் ஒரு மூச்சு. அதில் தண்ணீர் கேட்கக்கூட நேரம் போதவில்லை.

டாக்டரம்மா வயதானவள். சத்தமில்லாமல் பேசினாள். "நான் சொல்றப்போதான் முக்கணும். சொல்லாதப்போ வாயால மூச்சு விடு. புரியுதா?"

எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சம் கட்டில் காலிலிருந்து சுவருக்குப் போயிருந்தது. கால் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். இடுப்பு என்றார்கள். தலை மட்டும் இன்னும் வரவில்லை. மணியம்மாள் அவள் தலைமாட்டில் நின்று இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டிருந்தாள். "இப்ப, இப்ப முக்கு" என்று டாக்டரம்மா முதன்முறையாகச் சத்தம் போட்டாள். தையல்நாயகி கத்தினாள். அம்மா என்று கத்தவில்லை. அக்கா என்று கத்தினாள்.

வயிறு சட்டென்று காலியானது. ஆனால் அழுகைச் சத்தமில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தாள். நீலம் பாரித்த ஒன்றை மேசையில் வைத்து முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வாயைத் துடைத்தாள். தேய்த்தார்கள், தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். தையல்நாயகி தன் மூச்சையும் விடாமல் பிடித்திருந்தாள். விட்டால் அது மூச்செடுக்காது என்று ஏனோ தோன்றியது.

பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று, கொஞ்சம் பெரிதாக.

"பொண்ணுமா," என்று மணியம்மாள் அழுதாள்.

சாயங்காலம் வார்டில் கண்விழித்தபோது குழந்தை மார்போடு கிடந்தது. இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். தையல்நாயகி அதன் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடந்தாள். மாணிக்கவாசகம் வராந்தா பெஞ்சில், யாரோ கொடுத்த துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

நீலாம்பாள் நடந்தே வந்திருக்க வேண்டும். முழங்கால்வரை புழுதி. கையில் துணி சுற்றிய தூக்குச்சட்டி. மகன் அவளை நிமிர்ந்து பார்த்தான். மறுபடி குனிந்துகொண்டான். அவள் வார்டின் நிலைப்படிவரை வந்து, அதைத் தாண்டாமல் நின்றாள்.

"அன்னிக்கு அவளையும் இங்க..." என்று ஆரம்பித்து, பாதியில் விட்டாள்.

கோபம் போய்விட்டதா என்றுகூடத் தையல்நாயகிக்குத் தெரியவில்லை. வெயிலில் காய்ந்திருந்த வராந்தாத் தரை சுட்டது போலும். நீலாம்பாள் ஒரு காலை எடுத்து இன்னொரு காலின்மேல் வைத்து, மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள். சட்டியின் துணிக்குள்ளிருந்து மிளகு ரசத்தின் ஆவி மெலிதாக எழுந்தது.

குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி தையல்நாயகி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கமாக நகர்ந்தாள். கட்டிலின் ஓரத்தில் ஒருவர் உட்காரும் அளவுக்கு விரிப்பு வெறுமையாகத் தெரிந்தது.