தவக்கால வெள்ளியில் நாசி லெமாக்

எண்பத்து மூன்றாம் ஆண்டு வெயிலில் ஜெராய் மலையே இரண்டடி குள்ளமாகிவிட்டது. அளந்து பார்த்தவன் நான். தவளைகள் நிழல் தேடி என் செருப்புக்குள் குடித்தனம் வந்தன. மலையடிவாரத்து நீர்வீழ்ச்சியில் டிக்கெட் கிழிப்பது என் வேலை. அருவி மெலிந்து குழாய்த் தண்ணீராய் ஒழுகியது. ஆனாலும் ஊர் சுற்ற வருகிறவர்கள் குறையவில்லை; வெந்துபோனவர்கள் வேறெங்கே போவார்கள்?

வாசலில் ஜோசபின் நாசி லெமாக் விற்றாள். விடியலில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சோறாக்கி, நெத்திலிச் சம்பல் வைத்து வாழையிலையில் கட்டிவிடுவாள். பத்து வருடமாக அந்தப் பொட்டலம் பிற்பகல் இரண்டு மணிவரை தாங்கியது. அதை நம்பித்தான் அவள் கடை.

அன்று தவக்கால வெள்ளி. அவள் கணவன் சிரிலுக்கு மறுநாள் அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அவன் பிழைத்து வரவேண்டுமென்று, வெள்ளிதோறும் மூன்று மணிவரை எதையும் வாயில் வைப்பதில்லை என்று நேர்ந்திருந்தாள். சமைத்ததைக்கூட ருசி பார்க்கவில்லை.

காலை பத்துக்கு வரவேண்டிய சுற்றுலா பஸ், டயர் வெடித்து, ஒரு மணிக்கு வந்தது. நாற்பது பேரும் பொட்டலம் வாங்கிக்கொண்டு பாறைகளுக்கு இறங்கினார்கள். மிஞ்சியதில் ஒன்றைப் பிரித்து ஒரு வாய் வைத்தேன். சம்பல் காரத்துக்கு அடியில் சோறு புளித்திருந்தது.

“ஜோசபின், சோறு கெட்டுப்போச்சு!”

சிரித்தாள். “போங்கண்ணே. நேத்து என் சம்பலைத் தின்னுட்டு யானை அழுதுச்சுன்னீங்க. இன்னிக்கு இதுவா?”

“சத்தியமாலா. நீயே வாயில வச்சுப் பாரு.”

“மூணு மணிக்கு முன்னாடியா? அவரு அங்க படுத்துக் கெடக்காருண்ணே.”

மோந்து பார்த்தாள். நெத்திலி வாசனைதான் வந்திருக்க வேண்டும். பிறகு என் முகத்தில் வழக்கமான சிரிப்பைத் தேடினாள். எவ்வளவு நேரம் தேடினாளோ, எனக்கு ஒரு யுகம். இதை நான் பெரிதாக்கிச் சொல்லவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு நாலு பருக்கையை நாக்கில் வைத்தாள்.

துப்பினாள். கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறைகளை நோக்கி ஓடினாள்.

“சாப்பிடாதீங்க! ஜாங்கான் மாக்கான்! கீழ போடுங்க!”

கைகள் அந்தரத்தில் நின்றன. பொட்டலங்களைப் பிடுங்கிப் பிடுங்கி மடியில் கட்டினாள். கடைசிப் பாறையில் ஒரு பெண் வெறும் இலையை நீட்டினாள்.

“அக்கா, எனக்கு வேற ஒண்ணு குடுங்களேன். புள்ளைங்க ரெண்டும் என்னோடதையும் சேத்துத் தின்னுடுச்சுங்க.”

அவளுக்குப் பின்னால் இரண்டு சிறுமிகள், ஒழுகும் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொண்டு, கத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.