முழுவிலாசம்

சனிக்கிழமை வந்தால் அந்த ஏரிக்கரை ஊரில் சிலர் வாசல் பக்கமே வரமாட்டார்கள். அன்றைக்குத்தான் உள்ளூர்ப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் 'ஊர் நடப்பு' வரும். படகுத்துறையில் பலகை உடைந்தது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குழாய் வெடித்துத் தண்ணீர் வீணானது, வாத்துகளைக் கல்லால் அடிப்பவர்களுக்கு நகராட்சி எச்சரிக்கை என்று பக்கத்தின் மேல் பாதி சாதுவாகத்தான் இருக்கும். கீழ்ப் பாதிதான் விஷயம். அந்த வாரம் காவல் நிலையம் வரை போனவர்கள் யார், என்ன செய்தார்கள், பெயர், வயது, தொழில், கதவு எண், தெரு, அத்தனையும் அங்கே இருக்கும். குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியை உடைத்தவன்கூடத் தப்ப முடியாது.

அதை எழுதும் நிருபருக்கு ஊர் வைத்த பெயர் முழுவிலாசம். ஊர் அதைக் கேலியாகச் சொன்னது. அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். "தப்பு பண்றப்போ வராத வெட்கம் அச்சுல பார்த்தா மட்டும் எங்கேருந்து வருது?" என்பார். பெயரைப் போட வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர்களை முன்னறை நாற்காலியில் உட்காரவைத்து, மனைவியிடம் தேநீர் கொண்டுவரச் சொல்லி, அவர்கள் குடித்து முடிக்கும் வரை நேர்மையைப் பற்றிப் பேசி அனுப்புவார். பாதிப் பேர் அந்தத் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போயிருக்கிறார்கள்.

அப்படி வந்தவர்களில் பின்தெருத் தையல்காரியும் ஒருத்தி. படகு ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் முதலாளியின் படகிலிருந்து ஒரு கேன் டீசல் எடுத்து மாட்டிக்கொண்டான். "அண்ணா, முதலாளியே போனாப் போகுதுன்னு விட்டுட்டாருண்ணா. நீங்க பேரை மட்டும் போடாதீங்க" என்று அவள் அழுதாள். நிருபரின் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "விட்டுடுங்களேன், பாவம்" என்றாள். "நீ உள்ளே போ. இது பத்திரிகை விஷயம்" என்றார் அவர். சனிக்கிழமை பெயர் வந்தது, கதவு எண்ணோடு. மன்னித்த முதலாளியே அச்சில் பார்த்ததும் மனம் மாறி அவனை வேலையை விட்டு நிறுத்தினார். அதற்கப்புறம் எந்தப் படகுக்காரரும் அவனைச் சேர்க்கவில்லை. தையல்காரியும் நிருபரின் மனைவிக்கு எதையும் தைத்துக் கொடுக்கவில்லை. கேட்டபோதெல்லாம், "கை நிறைய வேலை இருக்குக்கா" என்று சொல்லி அனுப்பினாள். பாவம் அந்த அம்மாள், சந்தைக்கு அந்தப் பக்கம் வேறொருவரிடம் கொடுத்துத் தைத்து, கை இறுக்கமான ரவிக்கைகளோடு காலம் தள்ளினாள்.

இனி ஆசிரியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்திரிகைக்கு முதலாளியும் அவர்தான், ஆசிரியரும் அவர்தான். ஊர் அவரைக் கத்தரி என்று சொல்லும். விளம்பரம் கொடுக்கிறவர், சொந்தக்காரர், சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர், இவர்களில் யார் பெயராவது ஊர் நடப்பில் தென்பட்டால் அவருடைய சிவப்புப் பேனா அதன்மேல் ஓடிவிடும். நிருபருக்கு இதில் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தேநீர்க்கடையில் உட்கார்ந்து, "நான் எழுதிட்டேன். கத்தரிதான் வெட்டிடுச்சு" என்று சொல்வதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது. அவருடைய சொந்தப் பெரியப்பா மகன் சீட்டாட்டத்தில் மாட்டியபோதும் தயங்காமல் எழுதிக் கொடுத்தார். ஆசிரியர் கேட்காமலே அடித்துவிட்டார். அண்ணனும் தப்பினார், இவருடைய நேர்மைக்கும் ஒரு கீறல் இல்லை. பாம்பும் நோகாமல் பாம்படித்த கோலும் நோகாமல் ஒரு நேர்மை.

போன மாதம் ஆசிரியரின் மச்சான் நல்ல போதையில் காரை ஏரிக்கரைக் கம்பிவேலியின்மேல் ஏற்றிவிட்டார். முன் சக்கரங்கள் தண்ணீருக்கு மேல் தொங்க, கார் நின்ற கோலத்தை ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. சனிக்கிழமைப் பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த இடத்தில் வாத்து எச்சரிக்கை பெரிய எழுத்தில் இரண்டாம் முறையாக வந்திருந்தது. நிருபர் தேநீர்க்கடையிலும் முடிதிருத்தகத்திலும் படகுத்துறையிலும் தன் இரண்டு வாக்கியத்தையும் சொல்லித் தீர்த்தார். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்தது போல் ஆயிற்று. ஆசிரியர் தெருவில் நடந்தால் பின்னாலிருந்து யாராவது ஹாரன் சத்தம் கொடுத்தார்கள்.

இந்த நிலைமையில்தான் அந்தப் புதன்கிழமை வந்தது.

வழக்கம்போலச் செய்தி கேட்கக் காவல் நிலையத்துக்குப் போன நிருபர், உள்ளே பெஞ்சில் தன் மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பக்கத்தில் ஏரிச் சாலை ஃபேன்சி கடைக்காரர். மேஜைமேல் ஒரு லிப்ஸ்டிக். அவள் அதைக் கைப்பைக்குள் போட்டது கடை கேமராவில் தெளிவாக விழுந்திருந்தது. பையில் அதை வாங்கப் பணமும் இருந்தது. அவள் வாழ்நாளில் உதட்டில் எதையும் பூசியவள் இல்லை.

உதவி ஆய்வாளர் எழுந்து வந்து குரலைத் தாழ்த்தினார். "சார், பொருளைத் திருப்பி வாங்கிட்டாரு, புகார் வேணாம்னு சொல்றாரு. நான் எதுவும் எழுதல. அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க."

நல்ல மனுஷன். அந்தக் கணத்தில் நிருபர் தலையை ஆட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அங்கே இரண்டு போலீஸ்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழக்குக்கு வந்த நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் போன வருஷம் முழு விலாசத்தோடு அச்சில் வந்தவன்.

"ஊருக்கு ஒரு நியாயம், என் வீட்டுக்கு ஒரு நியாயமா? எழுதுங்க" என்றார் நிருபர்.

"வேணாம் சார்."

"எழுதுங்கன்னு சொல்றேன்ல."

உதவி ஆய்வாளர் பெயரைக் கேட்டார். நிருபர் சொன்னார். வயதைக் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நிருபரே, "ஐம்பத்து மூணு" என்றார். கதவு எண்ணையும் தெருவையும் ஒரே மூச்சில் சொன்னார். திருடியது தான்தான் என்பதுபோல உதவி ஆய்வாளர் தலையைக் குனிந்தபடி எழுதினார்.

இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். கதவைச் சாத்தியதும் அவர் கேட்டார்: "உனக்கு எதுக்குடி லிப்ஸ்டிக்?"

"தெரியலை. பார்த்துட்டே நின்னேன். கை தானா போச்சு."

"கை எப்படித் தானா போகும்?"

"அதான் எனக்கும் தெரியலைங்கறேன்." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கெஞ்ச வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி அது. "என் பேரைப் போட்டுடாதீங்க. காலையில பிள்ளைங்களை இங்கே விட்டுட்டுப் போறவங்க இதைப் பார்த்தா விடுவாங்களா?"

அவளுக்கு உயிரே அந்தப் பிள்ளைகள்தான். கடைகளுக்கும் மருத்துவமனைக்கும் வேலைக்குப் போகிற தாய்மார்கள் விடிந்ததும் குழந்தைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். சாயங்காலம் வரை அவள் சோறூட்டி, தூங்கவைத்து, மூக்குத் துடைத்து அனுப்புவாள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் என்று ஒன்று இருந்தது அவர்களால்தான். முழுவிலாசம் வீட்டில் இருந்தால் அது பேச்சில்லை, சொற்பொழிவு.

"வராது. நான் பார்த்துக்கறேன்" என்றார்.

"எழுதாம விட்டுடுவீங்களா?"

"எழுதாம விட்டா நாளைக்கு ஒருத்தன் என்னைக் கேள்வி கேட்பான். நான் எழுதிக் கொடுப்பேன். அவர் வெட்டிடுவார். எங்க அண்ணனுக்கு வெட்டலையா? உன் பேரும் வராது, என் பேரும் கெடாது."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்க பேரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, தொட்டிலில் கிடந்த துணியை மடிக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை நிருபர் எழுதிக் கொடுத்தார். நன்றாகவே எழுதியிருந்தார், எப்படியும் வெட்டுப்படப் போவதுதானே என்று கொஞ்சம் தாராளமாகவே எழுதியிருந்தார். ஆசிரியர் இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வீட்டம்மாவா?"

"ஆமா."

"நீங்களே எழுதியிருக்கீங்களே."

"என் கடமை சார். அப்புறம் உங்க இஷ்டம்."

ஆசிரியர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். நிருபருக்கு அது போதுமாக இருந்தது. அன்று அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலை தேநீர்க்கடைக்குள் நுழைந்தபோது உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். முடிதிருத்துகிறவர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களை என்னமோ நினைச்சேன் சார். மனுஷன்னா நீங்கதான்" என்றார். கடைக்காரர் கேட்காமலே ஒரு தேநீரை வைத்து, காசு வேண்டாம் என்றார். நிருபர் பத்திரிகையை வாங்கிப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் இல்லை. முதல் பக்கத்தில், சிவப்புக் கட்டம் கட்டி வந்திருந்தது. 'மனைவியானாலும் தப்ப முடியாது: எமது நிருபரின் நேர்மை.' கீழே அவர் எழுதியதில் ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது. கூடவே ஆசிரியரின் ஒரு வரி: 'நம் பத்திரிகை வேண்டியவர் வேண்டாதவர் பார்ப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?'

முதலில் அவருக்கு வந்தது பெருமை. அதைச் சொல்லாமல் மறைத்தால் அநியாயம். ஒரு மிடறு தேநீர் உள்ளே இறங்கும் நேரத்துக்கு அவர் உண்மையாகவே பெருமைப்பட்டார். அதற்கப்புறம்தான் மனைவி ஞாபகத்துக்கு வந்தாள்.

கடைக்கு வெளியே வந்து ஆசிரியருக்குப் போன் போட்டார். "சார், ஏன் வெட்டலை?"

"எதுக்கு வெட்டணும்?" ஆசிரியரின் குரல் குளிர்ச்சியாக இருந்தது. "ஊரெல்லாம் போய் 'நான் எழுதினேன், கத்தரி வெட்டிடுச்சு'ன்னு சொல்லிட்டுத் திரிஞ்சீங்க இல்ல? இந்தத் தடவை கை வைக்கலை. இப்போ சந்தோஷம்தானே?"

நிருபர் வேகமாக நடந்தார். வழியெல்லாம் வணக்கம் சொன்னார்கள். அவருடைய வீட்டு வாசலில் அந்த நேரத்துக்குக் குட்டிக் குட்டிச் செருப்புகள் தாறுமாறாகக் கிடக்கும், தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. பெரியவர்கள் செருப்பு ஒரு ஜோடி மட்டும் ஓரமாக இருந்தது.

முன்னறை நாற்காலியில் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். கையில் தேநீர். அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைத்தாள். அவரைப் பார்த்து, "வாங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, தரையில் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றாள்.

மனைவி இன்னொரு பையோடு உள்ளேயிருந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. அழுது முடித்திருந்தாள்.

"நான் அந்த ஆளை விடமாட்டேன்" என்றார் அவர். "வெட்டிடுவான்னு நம்பித்தான்..."

"அவரை ஏன் திட்டறீங்க? அவர் எனக்கு யாரு?"

"எங்கே கிளம்பிட்டே? நாலு நாள்ல ஊரு மறந்துடும்."

"ஊரு மறந்துடும். தப்பு எம்மேலதான், எடுத்தது நான்தான். அதுக்கு நான் தலை குனிஞ்சிக்கறேன்." அவள் மடித்து வைத்திருந்த பத்திரிகையை அவரிடம் நீட்டினாள். "ஆனா இதுல ரெண்டு தப்பு இருக்கு. நீங்க தப்பே விடாதவராச்சே, அடுத்த சனிக்கிழமை திருத்தம் போட்டுடுங்க."

"என்ன தப்பு?"

"எனக்கு வயசு ஐம்பது. எவன் எவன் வயசோ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு." அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "விலாசமும் இது இல்ல. மாறிடுச்சு. புது விலாசத்தை யார்கிட்டயும் கேட்க வேண்டாம். உங்களுக்குத் தெரிஞ்சதுதான், ஏற்கெனவே ஒரு தடவை போட்டிருக்கீங்க."

இரண்டு பெண்களும் பின்தெருப் பக்கம் திரும்பி நடந்தார்கள். முழுவிலாசம் வாசலில் நின்றார். சட்டைப் பையிலிருந்த பேனாவை நோக்கி அவருடைய கை தானாகப் போயிற்று.