பத்தாவது மேடு

மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, கலிபோர்னியாவின் டப்ளினில் சேனாபதியின் வீட்டுக்குப் பின்னால் கொரிய அரசர்களின் ஒன்பது சமாதிகள் வந்திருந்தன. புல் மூடிய ஒன்பது மேடுகள். சுற்றிலும் கல் ஆடுகளும் கல் புலிகளும் வெளியே பார்த்து நின்றன. முன்னால் கல் அதிகாரிகள். குடியிருப்பின் நாற்பது தமிழ்க் குடும்பங்களில் யாரும் வியக்கவில்லை. சமாதிகள் எந்தத் திசை பார்க்கின்றன, பள்ளியின் ரேட்டிங் குறையுமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டார்கள்.

சேனாபதிக்கு அவசரம். லிவர்மோரில் புது வீடு பேசி முடித்து, சித்திரையில் கிரகப்பிரவேசத்துக்கு மாடுகூடச் சொல்லி வைத்திருந்தார். அதற்குள் பழைய வீடு விற்றாக வேண்டும். வாங்க வந்த நம்மவர்கள் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தார்கள், வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவரும் அவரே என்பதால், அனுமதியில்லாத கட்டுமானம் என்று ஒன்பது அரசர்களுக்கும் நோட்டீஸ் அனுப்பினார். கல் அதிகாரிகள் வாங்கிக்கொண்டார்கள். பிறகு விளம்பரத்தில் ‘ஹில் வியூ’ என்று போட்டார். எட்டு மேடுகள் அதற்கு ஒத்துழைத்தன. முதல் அரசரின் மேட்டில் மட்டும் நாணல் ஆளுயரம் மண்டிக் கிடந்தது.

அதை வெட்டாதீர்கள் என்று பக்கத்து வீட்டுக் கொரியர் யூன் வேலியருகே வந்து சொன்னார். அந்த அரசர் தன்னைச் சொந்த ஊரில் புதைக்கச் சொன்னாராம். மகன் ஊர் மண்ணையும் நாணலையும் மட்டும் கொண்டுவந்து மேலே போர்த்தினானாம். வருடத்துக்கு ஒருமுறை, ஏப்ரல் தொடக்கத்தில்தான் அறுப்பார்கள். சமாதிக்குப் போகும் நடுப்பாதை இறந்தவர்களுக்கு, உயிரோடிருப்பவர், அரசரே ஆனாலும், பக்கத்துத் தாழ்ந்த பாதையில் நடக்க வேண்டும். சேனாபதி தலையாட்டினார். அவரிடமும் ஒரு குப்பியில் தஞ்சாவூர் மண் இருந்தது. தமிழ்ச் சங்க மேடைகளில் அதைக் காட்டி அழுவார். ஊருக்குப் போய்ப் பதினோரு வருடம்.

“சனிக்கிழமை ஓப்பன் ஹவுஸ். ஏப்ரல் வரைக்கும் வெயிட் பண்ணணுமாம், ராஜாவுக்காக,” என்றார் மனைவியிடம்.

“வெட்டிட்டு நேரா குளிக்கப் போங்க. ஷூவ வெளியவே விட்டுடுங்க,” என்றார் விஷாகா.

மறுவாரம் செவ்வாய் மாலை சேனாபதி நடுப்பாதையிலேயே புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போய் நாணலை ஒட்ட வெட்டினார். புதன் காலை பூஜை அறைக் குப்பி காலி. கூரை முழுக்கத் தஞ்சாவூர் மண், அதில் நாணல். வியாழன் சுவர்கள் மேடுபோல வளைந்தன. வெள்ளியன்று கேரேஜ் மண்ணுக்குள் போனது. இரண்டு கல் புலிகள் இடம் மாறி வந்து வாசலில் உட்கார்ந்தன. சனிக்கிழமை வீடு பார்க்க வந்தவர்களில் சபரி என்ற இன்ஜினியர் மட்டும் கார்க் கண்ணாடியை இறக்கினார்.

“ஏசி பில்லே வராது போல, அங்கிள்,” என்றார். இறங்கவில்லை.

பழைய வீடு விலைபோகாததால் கைநழுவிய லிவர்மோர் வீட்டைச் சபரியே வாங்கினார். சொல்லி வைத்த மாட்டையும் எடுத்துக்கொண்டார். சங்கத்தின் புதுத் தலைவர், புல் உயரம் பற்றிச் சேனாபதிக்கு நோட்டீஸ் அனுப்பினார். ஒரு கல் அதிகாரி வாங்கிக்கொண்டார்.

மற்ற வீடுகள் இப்போது ‘பத்துக் குன்றுகளின் வியூ’ என்று நன்றாகவே விற்கின்றன. சேனாபதி ஏப்ரல் தொடக்கத்தில் அரிவாளோடு கூரையேறி நாணல் அறுக்கிறார். தலைக்குக் குளிப்பதை அவரும் விஷாகாவும் விட்டுவிட்டார்கள். வேலை முடிந்து வந்தால் அவர் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, வாசல்வரை போகும் நடுப்பாதையில் கால் வைக்காமல், பக்கத்துத் தாழ்ந்த பாதை வழியாக வீட்டுக்குள் போகிறார்.