இடது பக்கத்து வெள்ளைப் படலம்

பதினாறு மணி நேரம் பத்து நிமிடமாகத் தாரிணி எதையும் விழுங்கவில்லை. ஹரிகிருஷ்ணன் அதை நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டான்.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பார்ப்பவன் அவன். இருபத்திரண்டு மாத மகளுக்குச் சனிக்கிழமை காய்ச்சல் வந்ததும் புது நோட்டு வாங்கிக் கட்டம் போட்டுவிட்டான்: நேரம், காய்ச்சல், பால், மூத்திரம், குறிப்பு, கையொப்பம். அவன் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி கல்யாணி கையெழுத்துப் போட்டு நோட்டை வாங்கிக்கொள்ள வேண்டும்.

"சிரிக்காத. கைமாத்துறப்பதான் தப்பு நடக்கும்" என்பான்.

கல்யாணி சிரித்ததே இல்லை. விலங்கியல் படித்தவள். பேச வேண்டிய இடத்திலும் தலையைத்தான் ஆட்டுவாள்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு, அவன் மதிய ஷிப்டில் இருந்தபோது, சதுரங்கப்பட்டினம் குப்பத்து அம்சா மீன் கூடையோடு வாசலில் வந்து நின்றாள். கல்யாணியின் இடுப்பில் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் முன்புதான் அரை டம்ளர் பாலை அழுதுகொண்டே குடித்திருந்தது.

"இன்னாம்மா, கொயந்த எச்சி வுட்டுகினே கீது?"

"தொண்டை வலி. வைரஸா இருக்கும். நாலஞ்சு நாள்ல சரியாயிடும்."

"வைரசு இன்னா வைரசு. தொக்கம்மா அது. தின்னது தொண்டையில நிக்கிது. எங்க குப்பத்துல எத்தினி புள்ளைக்கு எட்த்து வுட்டுகீறேன், கேட்டுப் பாரு."

"அவருக்குப் பிடிக்காது."

"அவுரு தொண்டையிலயா சிக்கிகினு கீது?"

அன்றைய நோட்டில் நாலிலிருந்து ஐந்து வரை, 'தூக்கம்' என்று இருந்தது. பக்கத்தில் அவள் கையெழுத்து. அதற்குப் பிறகு பால் கட்டத்தில் வரிசையாகச் சைபர்.

திங்கள் காலை எட்டு மணிக்குப் புதுப்பட்டினத்தில் டாக்டர் ஷபானா முதல் ஆளாக அவர்களைத்தான் உள்ளே கூப்பிட்டார். நோட்டை மூன்று பக்கம் புரட்டினார்.

"என் நர்ஸுக்கு இதைக் காட்டணும்" என்றார்.

பிறகு ஸ்பூனால் நாக்கை அமுக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"தடுப்பூசி அட்டை?"

ஒன்றரை வயது ஊசிக்கான கட்டம் காலியாக இருந்தது. அன்று குழந்தைக்குச் சளி. பிறகு மறந்துபோயிற்று.

"சாதாரணத் தொண்டை வலின்னா பாராசிட்டமாலும் ஆறின கஞ்சியும் போதும்னு அனுப்பிடுவேன். இவளுக்கு இடது பக்கம் வெள்ளையா ஒரு படலம் இருக்கு. ஸ்பூன் பட்டாலே ரத்தம் கசியுது. ஊசியும் விட்டுப்போயிருக்கு. டிப்தீரியா, அதான் தொண்டை அடைப்பான்னு நினைச்சுதான் நான் நடந்துக்கணும். மெட்ராஸ்ல தொற்றுநோய் வார்டுல தனியா வெப்பாங்க. பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காம, குதிரை ரத்தத்துலேர்ந்து எடுக்கிற மருந்தை ஏத்துவாங்க. சில குழந்தைங்களுக்கு அது ஒத்துக்காது."

"எத்தனை சதவீதம்?" என்றான் ஹரிகிருஷ்ணன்.

"இவளுக்கு எப்படின்னு முன்கூட்டியே சொல்ல முடியாது."

அவன் குறிப்புக் கட்டத்தில் 'சொல்ல முடியாது' என்று எழுதிக்கொண்டான்.

ஷபானா போனை இழுத்தார். எண்ணைச் சுழற்றாமல் ஒரு கணம் யோசித்தார்.

"ஒரு பக்கம் மட்டும் இருக்கறதுதான் உறுத்துது. பென்சில், குச்சி ஏதாவது குத்திச்சா? வெறும் காயம்னா இங்கேயே சேர்த்து டிரிப்ஸ் போட்டுப் பார்த்துக்கலாம்."

"இல்ல டாக்டர். எது நடந்தாலும் நோட்டுல இருக்கும்." அவன் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினான். "பாருங்க. தூங்கியிருக்கா."

கல்யாணியின் தோளில் தாரிணியின் எச்சில் வழிந்து புடவை நனைந்திருந்தது. ஷபானா எண்ணைச் சுழற்ற ஆரம்பித்தார். பூஜ்யம். நாலு. நாலு.

"டாக்டர்" என்றாள் கல்யாணி. யாருக்கும் கேட்கவில்லை. சுழல்வட்டு ஒவ்வொரு எண்ணுக்கும் போய் நிதானமாகத் திரும்பி வந்தது.

"டாக்டர், போனை வைங்க."

ஷபானா வைத்தார். ஹரிகிருஷ்ணன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல், சுவரில் ஒட்டியிருந்த எடை அட்டவணையைப் பார்த்துச் சொன்னாள்.

"நேத்து நாலு மணிக்கு இவ தூங்கலை. மீன்காரம்மா தொக்கம் எடுக்கிறேன்னு தொண்டைக்குள்ள விரலை விட்டாங்க. ரெண்டு தடவை. நான்தான் இவ கையை ரெண்டையும் பிடிச்சுக்கிட்டேன்."