பென்னாகரம் ரோட்டில் காணாமல் போன முப்பத்திரண்டு கிலோமீட்டர்

போன வியாழக்கிழமை காலை தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போய்த் திரும்பினேன். போக வர அறுபது கிலோமீட்டர். சைக்கிளில். மூச்சு வாங்கியது ஒரே ஒரு தடவை, அதுவும் கொட்டாவி. வழியில் இரண்டு டெம்போ, ஒரு கல்யாண வேன், ஒரு டவுன் பஸ் எல்லாவற்றையும் முந்தினேன். அந்த பஸ் டிரைவர் அவமானத்தில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டதாகக் கேள்வி. எனக்கு வயது அறுபத்து நான்கு.

நீங்கள் நம்ப வேண்டாம். நம்ப வேண்டியவர் ஒருவர்தான், சவுரியப்பன். எங்கள் காலை நேர சைக்கிள் கூட்டத்தில் யார் எந்தப் பயணத்துக்கு வரலாம் என்று பட்டியல் எழுதுகிறவர் அவர். நான் முப்பத்து மூன்று வருடம் பஸ் கண்டக்டர். அவர் அதே அளவு காலம் நெடுஞ்சாலைத் துறையில் இந்தப் பக்கத்து ரோடுகளைப் போட்டும் ஒட்டுப்போட்டும் ஓய்வு பெற்றவர். நான் சொல்வதில் எதையும் நம்பக்கூடாது என்பதை ஒரு விரதமாகவே வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக ஒகேனக்கல் போவதாகத் திட்டம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் ஒரு விதி உண்டு. நாலு மணி நேரத்துக்குள் அறுபது கிலோமீட்டர் ஓட்டியதைச் சைக்கிள் மீட்டரில் பதிவோடு காட்ட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம்தான் கடைசி. காட்டாதவர்கள் பின்னால் வரும் டெம்போவில் வாழைத்தாரோடு உட்கார்ந்து வர வேண்டும். போன வருடம் ஒருவர் வாயால் மட்டும் பயிற்சி எடுத்துவிட்டு வந்து, பாதி வழியில் புளியமரத்தடியில் படுத்துவிட்டார். அதனால் வந்த விதி. அந்த ஒருவர் யார் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லாத விஷயம்.

நானோ, ஒகேனக்கல்லுக்கு முதல் ஆளாகப் போகப்போகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். பால்காரர், அயர்ன் வண்டிக்காரர், எதிர்வூட்டுக் கிளி வரைக்கும் தெரியும். வாழைத்தாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையசைத்துக்கொண்டு போனால் அந்தக் கிளி என்ன நினைக்கும்?

மீட்டரை வாங்கி அனுப்பியது பெங்களூரில் இருக்கும் என் மகள் ஐஸ்வர்யா. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஹேண்டில்பாரில் மாட்டி, அடிப்பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் சாட்டிலைட்டைப் பிடித்து, போன வழியையும் தூரத்தையும் எழுதிக்கொள்ளும்; மறுபடி அமுக்கினால் நிறுத்திவிடும். வந்த அன்றைக்கே என் மனைவி குள்ளம்மாள் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழமும் ஏழு பச்சை மிளகாயும் கோத்து, மீட்டரின் கழுத்திலேயே கட்டித் தொங்கவிட்டாள்.

"சைக்கிள்ல கட்டலாம்ல?" என்றேன்.

"பழைய சைக்கிளுக்கு யாரு கண்ணு வெக்கப்போறாங்க? வெலகூடின சாமான் இதுதான். அதுவுமில்லாம நீங்க பீத்திக்கிற பீத்தலுக்கு ஒரு மூட்டை எலுமிச்ச கட்டணும். வெலவாசி நெனச்சி ஒண்ணோட உட்டேன்."

திங்கட்கிழமை முதல் ஓட்டம். பென்னாகரம் போய்த் திரும்பி வந்து பார்த்தால் மீட்டர் இருபத்தாறு கிலோமீட்டர் என்கிறது. ஐஸ்வர்யாவுக்கு போன் போட்டேன். "சாட்டிலைட் கிடைக்கறதுக்கு முன்னாடியே கெளம்பியிருப்பீங்கப்பா. வெட்டவெளியில ரெண்டு நிமிஷம் நின்னு அமுக்குங்க. பழைய பதிவையெல்லாம் அழிச்சிடுங்க. நின்னா தானா நிக்கற வசதி ஒண்ணு இருக்கும், அதையும் அணைச்சிடுங்க" என்றாள். எல்லாம் செய்தேன். வானத்தைப் பார்த்து நின்ற இரண்டு நிமிடத்தில் மூன்று பேர் என்னோடு நின்று வானத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை மறுபடி ஓட்டினேன். மீட்டரும் குஷியாக இருந்தது. வழி நெடுக 'டிங்', 'டிங்' என்று என்னைப் பாராட்டிக்கொண்டே வந்தது. வூட்டுக்கு வந்து பார்த்தால் இருபத்தெட்டு.

சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் சவுரியப்பன் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். மீட்டரின் பதிவை என் போனில் வாங்கி, மேப்பைப் பெரிசாக்கிப் பார்த்தார். ரோட்டோடு கொஞ்ச தூரம் வளைந்து போகும் கோடு, திடீரென்று நேராக ஒரு ஏரிக்குள் இறங்கி அக்கரையில் ஏறியது.

"கண்டக்டரே, ஏரியில பரிசல்ல போனீங்களா?"

"வேகம் சார். அந்த வேகத்துக்குத் தண்ணி தெரியாது."

"எனக்குத் தெரியுது. கொஞ்ச தூரம் ஓட்டுனது, அப்பறம் கோடு தாவுது. மறுபடி கொஞ்சம் ஓட்டுனது, மறுபடி தாவுது. தாவற எடமெல்லாம் பஸ் ஸ்டாப்பு. பஸ் வேகம் தெரியக்கூடாதுன்னு மீட்டர நிறுத்திட்டு, பழைய பழக்கத்துல சைக்கிள பஸ் மேல ஏத்திட்டு, உள்ள போயி ஜன்னலோரமா உக்காந்துட்டீங்க. வாழைப்பழ டெம்போவுல நல்ல சீட்டு போட்டுத் தர்றேன், வாங்க."

டீக்கடையே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் பஸ் ஸ்டாப்பைப் பற்றி என்னிடமா? போனைப் பிடுங்கிப் பார்த்தேன்.

"சார், இதப் பாருங்க. இண்டூர் தாண்டி பள்ளிக்கூடத்துக்கிட்ட கோடு அறுந்திருக்குது. இங்க எந்த பஸ்ஸும் நிக்காது. முப்பத்து மூணு வருசத்துல ஒரு தடவ நிறுத்தினேன், அதுவும் கெடா குறுக்க வந்ததால. இந்தா, இந்த மாந்தோப்பு ஓரம். இங்கயும் ஸ்டாப்பு கெடையாது!"

சவுரியப்பன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். விரலால் மேப்பை மெதுவாக நகர்த்தினார். முகத்தில் இருந்த சிரிப்பு ஒவ்வொரு படியாக இறங்கியது.

"பள்ளிக்கூடம்... மாந்தோப்பு வளைவு... ரேஷன் கடை... இங்கெல்லாம் என்ன இருக்குதுன்னு தெரியுமா?"

"என்ன சார்?"

"வேகத்தடை. பாதி நான் நின்னு போட்டது." எழுந்துவிட்டார். "வண்டியக் குடுங்க."

டீக்கடைக்கு முன்னாலேயே ஒரு வேகத்தடை உண்டு. மீட்டரை ஓடவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி மிதித்தார். தடையில் ஏறி இறங்கியது சைக்கிள். டிங்! பதிவு நின்றுவிட்டது. திரும்பி வந்தார். டிங்! மறுபடி ஓடியது. மூன்றாவது தடவை அவர் சைக்கிளைத் தள்ளி ஏற்ற, நானும் டீ மாஸ்டரும் குனிந்து பார்த்தோம். முன்சக்கரம் தொப்பென்று இறங்கியதும், எலுமிச்சம்பழம் மிளகாயோடு எகிறி, அடிப்பக்கத்துப் பொத்தானில் மொத்தென்று ஒரு முட்டு முட்டியது. டிங்!

ஒரு தடையில் நிறுத்தி, அடுத்த தடையில் தொடங்கி, பென்னாகரம் வரை என் பதிவை ஓட்டியது அந்தப் பழம்தான்! டீ மாஸ்டர் கரண்டியோடு தரையில் உட்கார்ந்து சிரித்தார். நான் குள்ளம்மாளுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"பழம் முட்டுச்சா? நல்லதுதான். உங்கமேல முட்ட வேண்டியது அதுமேல போச்சி" என்று வைத்துவிட்டாள்.

சவுரியப்பன் சிரிக்கவில்லை. மறுபடி மேப்பை எடுத்து, அறுந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். போகும்போது விட்டுப்போன துண்டுகளில் சில, வரும்போது பதிவாகியிருந்தன. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு வளைவு இருந்தது. கிளம்பியது ஐந்து நாற்பது, வந்து சேர்ந்தது எட்டு ஐம்பது. தடையில்லாத இடத்தில் ஓர் அறுப்புக்கூட இல்லை.

டீயைக் குடித்து முடித்தார். பட்டியலை மடியில் வைத்து, சைக்கிள் கட்டத்தில் 'மாதவராஜ்' என்று என் பெயரை எழுதி, டெம்போ கட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருந்ததை அடித்தார். எனக்கு அங்கேயே ஒரு குத்தாட்டம் போடத் தோன்றியது, போட்டேன்.

"உக்காருங்க கண்டக்டரே, ஜனங்க பாக்கறாங்க" என்றார். பிறகு தொண்டையைச் செருமி, கடையில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்படி, வேண்டாவெறுப்பாகச் சொன்னார்:

"ஓட்டுனது நெசந்தாங்க. அறுபதும் ஓட்டியிருக்காரு."